போன்ல 5ஜி ஃபுல்லா இருக்கு, ஆனா பேஜ் திறக்கல... சர்வருக்குள் ஒளிந்திருக்கும் ‘வால்வு’ காரணமா? ஒரு விளக்கம்

ரிசல்ட் வரும் நாள் காலை. உங்க போன்ல சிக்னல் கோடு முழுசா இருக்கு. வாட்ஸ்அப் போகுது, யூடியூப் ஓடுது. ஆனா ரிசல்ட் பேஜ் மட்டும் சுத்திக்கிட்டே இருக்கு. நாம உடனே சொல்றது ஒண்ணுதான்: “சர்வர் டவுன்”.

பல நேரம் அது சரிதான். ஆனால் எப்போதும் இல்லை. சர்வர் நன்றாக இயங்கிக்கொண்டிருக்கும். அதன் பிராசசரில் பாதிகூட வேலை ஓடாது, மெமரியிலும் இடம் இருக்கும். வெளியே டேட்டா போகும் பாதையில் மட்டும் ஒரு வால்வு இறுகியிருக்கும். இந்த வால்வுக்கு டெக் ஆட்கள் வைத்திருக்கும் பெயர் ‘ரேட் லிமிட்’. அதாவது ஒரு சர்வர் விநாடிக்கு இவ்வளவு டேட்டாதான் அனுப்பலாம், வாங்கலாம் என்ற வரம்பு.

இந்த வரம்பு எங்கே இருக்கிறது? ஒரு மென்பொருளுக்குள், ஒரே ஒரு எண்ணாக. அந்த எண் தவறினால் 200 வாங்கினவருக்கு 25 கிடைக்கும். இல்லையென்றால் 1,600 கிடைக்கும். இரண்டுமே பிரச்னைதான். அதைவிடப் பெரிய சிக்கல், தவறியது என்பதே பணம் கட்டினவருக்குத் தெரியாமல் போவது.

கொஞ்சம் டெக்னிக்கலான விஷயம்தான். ஆனால் வங்கி ஆப், டிக்கெட் புக்கிங், ஆன்லைன் கடை என்று தினமும் நாம் தொடுவதில் பெரும்பகுதி இன்று கிளவுட் சர்வர்களில்தான் ஓடுகிறது. அதனால் நிதானமாகப் பார்ப்போம்.

ஒரு வீடு, பல போர்ஷன்

கிளவுட்ல சர்வர் வாங்கினேன் என்று யாராவது சொன்னால், அவருக்கென்று தனியாக ஒரு பெட்டி எங்கோ இருக்கிறது என்று அர்த்தம் இல்லை. பெரும்பாலும் அவர் வாங்கியிருப்பது ‘விர்ச்சுவல் மெஷின்’. ஒரு பெரிய கம்ப்யூட்டரை மென்பொருளால் தடுத்துப் பல கம்ப்யூட்டர்களாக வாடகைக்கு விடுவார்கள்.

சென்னையில் பழைய வீடுகளைத் தடுத்து போர்ஷன் போர்ஷனாக விடுவார்கள் இல்லையா, அதே கதைதான். ஒவ்வொரு போர்ஷனுக்கும் தனிக் கதவு, தனி சமையலறை. ஆனால் மாடியில் தண்ணீர்த் தொட்டி ஒன்றுதான். ஒரு போர்ஷன்காரர் எல்லா குழாயையும் திறந்து விட்டால் பக்கத்து போர்ஷனில் பக்கெட் நிறையாது. கிளவுட்டில் இந்தத் தொல்லைக்கு ‘சத்தம் போடும் பக்கத்து வீட்டுக்காரர்’ என்றே பெயர் இருக்கிறது.

அதனால் வீட்டு ஓனர் ஒவ்வொரு போர்ஷனுக்கும் போகும் குழாயில் ஒரு வால்வு வைக்கிறார். கிளவுட்டில் அந்த ஓனரின் பெயர் ஹைப்பர்வைசர். லினக்ஸ் உலகில் அதிகம் பயன்படுவது கேவிஎம். 2007-ல் இருந்து லினக்ஸ் கெர்னலுக்குள்ளேயே இருக்கிறது. அதை நிர்வகிக்க லிப்விர்ட் என்றொரு மென்பொருள். அதற்கும் மேலே, நூற்றுக்கணக்கான கம்ப்யூட்டர்களை ஒன்றாகக் கட்டி மேய்க்க ஓப்பன்ஸ்டாக், கிளவுட்ஸ்டாக் போன்ற மென்பொருள்கள். ஓப்பன்ஸ்டாக் 2010-ல் நாசாவும் ராக்ஸ்பேஸ் நிறுவனமும் சேர்ந்து ஆரம்பித்தது. கிளவுட்ஸ்டாக்கை 2012-ல் சிட்ரிக்ஸ் நிறுவனம் அப்பாச்சி அறக்கட்டளையிடம் கொடுத்தது. இரண்டுமே யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய திறந்த மென்பொருள்கள். அதனால்தான் உள்ளே என்ன கணக்கு எழுதியிருக்கிறது என்று நம்மாலும் பார்க்க முடிகிறது.

மேலே இருக்கும் நிர்வாகி “இந்த மெஷினுக்கு விநாடிக்கு 200 மெகாபிட்” என்று சொல்வார். அதைக் கீழே இருக்கும் லினக்ஸுக்குப் புரியும் மொழியில் மாற்றிச் சொல்வதுதான் டிரைவர் என்கிற சின்ன நிரல். நடுவில் நிற்கும் மொழிபெயர்ப்பாளர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மொழிபெயர்ப்பு தப்பினால் என்ன ஆகும் என்று எங்க டெஸ்க்ல யாரைக் கேட்டாலும் சொல்வாங்க.

எம்.பி.பி.எஸ். குழப்பம்: இது டாக்டர் படிப்பு இல்லைங்க

நெட் வேகத்தை ‘எம்.பி.பி.எஸ்.’ என்று சொல்கிறோம். ஆங்கிலத்தில் இதை இரண்டு விதமாக எழுதுவார்கள். சின்ன ‘பி’ போட்டால் மெகாபிட். பெரிய ‘பி’ போட்டால் மெகாபைட். 8 பிட் சேர்ந்தால்தான் 1 பைட். ஒரு எழுத்து சின்னதா பெரிசா என்பதில் 8 மடங்கு வித்தியாசம். தமிழில் சின்ன எழுத்து, பெரிய எழுத்து என்பதே கிடையாது. நம்ம எழுத்தில் எழுதினால் இரண்டும் ஒன்றுதான்; போதாக்குறைக்கு மருத்துவப் படிப்பும் அதேதான்! அதனால் இந்தக் கட்டுரை முழுக்க மெகாபிட், மெகாபைட் என்று முழுசாகவே எழுதுகிறோம்.

வீட்டில் 100 மெகாபிட் பிளான் போட்டிருக்கிறீர்கள். ஆனால் படம் டவுன்லோடு ஆகும்போது 12 மெகாபைட்டுக்கு மேல் காட்ட மாட்டேங்குது. ஏமாத்திட்டாங்க என்று கஸ்டமர் கேருக்கு போன் போடுவதற்கு முன் 100-ஐ 8-ஆல் வகுத்துப் பாருங்கள். 12.5 வரும். அது சரியான வேகம்தான்.

இதே குழப்பம் சர்வருக்குள்ளும் உண்டு. அங்கே கொஞ்சம் கூடவே உண்டு.

கிளவுட்ஸ்டாக்கில் நிர்வாகி வேறு எண் எதுவும் கொடுக்காவிட்டால், ஒரு மெஷினுக்கான வரம்பு விநாடிக்கு 200 மெகாபிட். இதைக் கீழே இருக்கும் லிப்விர்ட்டிடம் சொல்ல வேண்டும். லிப்விர்ட்டோ கிலோபைட்டில் சொன்னால்தான் கேட்கும். எனவே நடுவில் இருக்கும் டிரைவர் 200-ஐ 128-ஆல் பெருக்குகிறது. ஏன் 128? ஒரு மெகாபிட்டுக்கு 1,024 கிலோபிட்; அதை 8-ஆல் வகுத்தால் 128 கிலோபைட். ஆக 200 × 128 = 25,600. அந்த எண் லிப்விர்ட்டுக்குப் போகிறது. அங்கிருந்து லினக்ஸின் ‘டிசி’ என்ற கருவிக்குப் போகிறது. நெட் போக்குவரத்தைக் கட்டுப்படுத்தும் கருவி அது.

இந்த டிசி-யில் ஒரு வேடிக்கை. உலகம் முழுக்க ‘கே.பி.பி.எஸ்.’ என்றால் கிலோபிட். டிசி-யில் மட்டும் அதே எழுத்துகளுக்கு கிலோபைட் என்று அர்த்தம். கிலோபிட் வேண்டும் என்றால் ‘கேபிட்’ என்று எழுத வேண்டும். இது அந்தக் கருவியின் கையேட்டிலேயே இருக்கிறது. படிக்காமல் கை போன போக்கில் எழுதினால் 8 மடங்கு எகிறும்.

ஓப்பன்ஸ்டாக்கிலும் இப்படி ஒரு இரட்டை வழக்கு. மெஷின் வகையோடு சேர்த்து வரம்பு வைக்கும் பழைய முறையில் எண் கிலோபைட்டில். அதே ஓப்பன்ஸ்டாக்கின் நெட்வொர்க் பிரிவான நியூட்ரானில் வரம்பு வைத்தால் எண் கிலோபிட்டில். ஒரே வீட்டுக்குள் ஒரு ரூமில் கிலோ கணக்கு, இன்னொரு ரூமில் படி கணக்கு.

8 மடங்கு மாறினால் யாருக்கு வலிக்கும்?

ஒரு கணக்குக்காக வைத்துக்கொள்வோம். 10 கிகாபிட் கேபிள் இணைத்த ஒரு பெரிய கம்ப்யூட்டர். அதில் 40 விர்ச்சுவல் மெஷின்கள். ஆளுக்கு 200 மெகாபிட். மொத்தம் 8 கிகாபிட். எல்லோரும் ஒரே நேரத்தில் முழு வேகத்தில் போனாலும் கேபிளில் இடம் மிச்சம் இருக்கும்.

இப்போது டிரைவர் எழுதியவர் 8-ஆல் வகுக்க மறந்துவிட்டார் என்றால்? ஒவ்வொரு மெஷினின் வரம்பும் ஏறக்குறைய 1.6 கிகாபிட் ஆகிவிடும். 40 மெஷினுக்கு 64 கிகாபிட். இருப்பது 10. வரம்பு என்று ஒன்று இருக்கிறதே தவிர, ஆறேழு பேர் முழு வேகத்தில் இழுத்தாலே மற்ற எல்லோருக்கும் மூச்சு முட்டும்.

கவனிக்க வேண்டிய விஷயம், இந்தத் தவறை யாரும் புகார் செய்ய மாட்டார்கள். வேகம் கூடக் கிடைக்குது என்று யாராவது கம்ப்ளைன்ட் பண்ணுவாங்களா? சாதாரண நாளில் எல்லாம் நன்றாகவே போகும். கூட்டம் குவியும் அந்த ஒரு நாளில், அதாவது வரம்பு உண்மையிலேயே தேவைப்படும் நாளில்தான் அது இல்லை என்பது தெரியவரும்.

எதிர்ப்பக்கம் தவறினால், அதாவது இரண்டு முறை 8-ஆல் வகுத்துவிட்டால், 200 வாங்கியவருக்கு 25 மெகாபிட். இதில் புகார் உடனே வரும். ஆனால் பழி வேறு எங்காவது போய் விழும். ‘வெப்சைட் கோடு சரியில்லை’, ‘டேட்டாபேஸ் ஸ்லோ’, ‘இன்னும் பெரிய மெஷினா வாங்குங்க’. சின்னக் கடை நடத்துபவர் கடைசி யோசனையைத்தான் கேட்பார். பணம் கூடப் போகும்.

1,024-க்கும் 1,000-க்கும் உள்ள தகராறு இந்த அளவுக்குக் கடுமையில்லை. மேலே சொன்ன 25,600-ஐ ஆயிரக் கணக்கில் திருப்பிப் பார்த்தால் 204.8 மெகாபிட் வரும். 2.4 சதவீதம் கூடுதல். பெரிசா யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள்.

ஆனால் பூஜ்யம் வேறு கதை. லிப்விர்ட்டில் வரம்பு 0 என்று கொடுத்தால் ‘ஒன்றும் அனுப்பாதே’ என்று அர்த்தம் இல்லை. ‘வரம்பே இல்லை’ என்று அர்த்தம். இப்போது யோசியுங்கள். ஒருவர் மிகக் கடுமையான வரம்பாக 5 கிலோபிட் வைக்கிறார். டிரைவர் அதை 8-ஆல் வகுக்கிறது. தசமத்தை வெட்டி எறிந்துவிட்டால் மிஞ்சுவது 0. கடும் கட்டுப்பாடு வைக்கப்போய் கதவே இல்லாமல் ஆகிவிடும். இந்த மாதிரி இடங்களில் ‘குறைந்தபட்சம் 1’ என்று ஒரு வரி எழுதி வைத்தால்தான் தப்பிக்கலாம்.

உள்ளே எது, வெளியே எது?

அடுத்த குழப்பம் திசை. பஸ் ஸ்டாண்டில் நிற்பவருக்கு ‘வரும் பஸ்’, அதே பஸ் அடுத்த ஊரிலிருந்து பார்ப்பவருக்கு ‘போன பஸ்’. விர்ச்சுவல் மெஷினுக்கும் அதை வைத்திருக்கும் பெரிய கம்ப்யூட்டருக்கும் நடுவே ‘டேப்’ என்ற கற்பனைக் குழாய் இருக்கிறது. பெரிய கம்ப்யூட்டர் அந்தக் குழாயில் வெளியே அனுப்புவதுதான் சின்ன மெஷினுக்கு உள்ளே வருவது.

வாடிக்கையாளர் ‘டவுன்லோடு 100, அப்லோடு 50’ என்று கேட்டால், டிரைவர் அதை அப்படியே தலைகீழாகத் திருப்பித்தான் டேப்-க்குச் சொல்ல வேண்டும். ஆனால் எல்லா வகை இணைப்புக்கும் திருப்பக் கூடாது; சிலவற்றில் இரண்டு பேரும் ஒரே பக்கத்திலிருந்து பார்ப்பார்கள். அதற்காகவே லிப்விர்ட் நிரலில் ‘மாற்றிப் போடவா, வேண்டாமா’ என்று கேட்கும் ஒரு தனி ஸ்விட்ச் வைத்திருக்கிறார்கள். இரண்டு பக்கமும் ஒரே எண் வைத்திருக்கும் வரை இதில் தப்பு இருந்தாலும் தெரியாது. எண்கள் வேறுபடும் அன்றுதான் குட்டு உடையும்.

டோக்கன் தீர்ந்தால்: உட்கார வைப்பாங்களா, திருப்பி அனுப்புவாங்களா?

வரம்பை எப்படி அமல்படுத்துகிறார்கள்? ‘டோக்கன் பக்கெட்’ என்ற முறையில். ரேஷன் கடை டோக்கனை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கெட்டில் விநாடிக்கு இத்தனை என்று டோக்கன் விழுந்துகொண்டே இருக்கும். டேட்டா பாக்கெட் ஒன்று போக வேண்டுமானால் தன் எடைக்கு ஏற்ற டோக்கனை எடுத்துக்கொண்டு போகும். கொஞ்ச நேரம் யாரும் வராவிட்டால் டோக்கன் சேர்ந்துவிடும்; அப்புறம் திடீரென்று கூட்டம் வந்தால் சேர்ந்தது இருக்கும் வரை எல்லோரையும் வேகமாக விடலாம். இந்த சேமிப்புக்கு ‘பர்ஸ்ட்’ என்று பெயர்.

டோக்கன் தீர்ந்தபிறகு வருபவரை என்ன செய்வது? இரண்டு வழி. ஒன்று, பெஞ்சில் உட்கார வைத்து டோக்கன் வந்ததும் அனுப்புவது. இதை ஷேப்பிங் என்பார்கள். இன்னொன்று, முடிஞ்சு போச்சு, போய்ட்டு வா என்று விரட்டுவது. இது போலீசிங். விரட்டப்பட்ட பாக்கெட் அழிந்துவிடும். அனுப்பியவர் அதைக் கவனித்து மறுபடி அனுப்ப வேண்டும். நெட்டில் நெரிசல் என்று நினைத்து வேகத்தையும் குறைத்துக்கொள்வார்.

லினக்ஸில் வெளியே போகும் பக்கம்தான் வரிசையில் நிறுத்துவது இயல்பாக முடியும். உள்ளே வரும் பக்கம் விரட்டுவதே எளிய வழி. மேலே சொன்ன தலைகீழ் கணக்கை இதோடு சேர்த்துப் பாருங்கள். சின்ன மெஷினுக்கு ‘உள்ளே வருவது’ பெரிய கம்ப்யூட்டருக்கு ‘வெளியே போவது’. ஆகவே அதற்கு பெஞ்ச் உண்டு. சின்ன மெஷின் வெளியே அனுப்புவது, பெரிய கம்ப்யூட்டருக்கு உள்ளே வருவது. அதற்கு விரட்டல்தான். லிப்விர்ட் செய்வது இதையே.

ஒரு வெப்சைட் சர்வரின் முக்கிய வேலை என்ன? பேஜ் அனுப்புவது, படம் அனுப்புவது, வீடியோ அனுப்புவது. எல்லாமே வெளியே. அதாவது நம் போனுக்கு வர வேண்டிய பக்கம்தான் அந்தக் கறாரான கவுன்டரில் மாட்டுகிறது.

விரட்டுவதால் எவ்வளவு பாதிப்பு என்பதற்கு ஒரு பெரிய ஆய்வு இருக்கிறது. இது சர்வர் பக்கம் இல்லை, இன்டர்நெட் கம்பெனிகள் பக்கம் நடந்தது. ஆனால் முறை ஒன்றுதான். கூகுள் சர்வர்களிலிருந்து 28,400 நெட்வொர்க்குகளுக்குப் போன 27,000 கோடி பாக்கெட்டுகளை ஆராய்ந்து 2016-ல் வெளியிட்டார்கள். பகுதியைப் பொறுத்து 7 சதவீதம் வரையிலான இணைப்புகளில் போலீசிங் நடந்தது தெரிந்தது. அப்படி விரட்டப்பட்ட இணைப்புகளில் பாக்கெட் இழப்பு சராசரியாக 6 மடங்கு. வீடியோவின் தரமும் அடி வாங்கியது. பாக்கெட்டை அழிக்காமல் வரிசையில் நிறுத்தினாலே அதே கட்டுப்பாட்டைக் கொண்டுவரலாம் என்பதையும் அந்த ஆய்வு காட்டியது.

ஒரு வரி ரிப்பேர்

நமக்கு இந்த விஷயத்தில் ரொம்பப் பிடித்த பகுதி இதுதான்.

நெட்டில் சாதாரண பாக்கெட் ஒன்றின் அளவு ஏறத்தாழ 1,500 பைட். ஆனால் விர்ச்சுவல் மெஷின்கள் ஒரு குறுக்குவழி வைத்திருக்கின்றன. ஒவ்வொரு சின்ன பாக்கெட்டாகக் கட்டிக்கொண்டிருந்தால் பிராசசருக்கு வேலை அதிகம். எனவே 64 கிலோபைட் வரை ஒரே மூட்டையாகக் கட்டி பெரிய கம்ப்யூட்டரிடம் தள்ளிவிடும். அதைப் பிரித்து 1,500 பைட் பொட்டலமாக்குவது பிறகு நடக்கும். வேகத்துக்கு இது நல்ல ஏற்பாடு.

விரட்டும் கவுன்டரில் ஒரு விதி இருக்கிறது. அதிகபட்சம் இவ்வளவு பெரிய பாக்கெட்டைத்தான் ஏற்பேன். அதைவிடப் பெரியது வந்தால், டோக்கன் இருக்கோ இல்லையோ, வரம்பு மீறியதாகவே எடுத்துக்கொள்வேன் என்பது அந்த விதி. டிசி கையேட்டிலும் இது உண்டு.

ரயில்வே சப்வே முன்னால் இரும்புக் கம்பியில் உயரத் தடுப்பு வைத்திருப்பார்கள், பார்த்திருப்பீர்கள். சாலை காலியாகவே இருக்கட்டும். லாரி தடுப்பைவிட உயரமாக இருந்தால் போக முடியாது. அதேதான் இங்கேயும். அந்த அளவு சின்ன பாக்கெட்டை நினைத்து வைக்கப்பட்டிருந்தால், 64 கிலோபைட் மூட்டைகள் எல்லாம் வாசலிலேயே மாட்டிக்கொள்ளும். விநாடிக்கு 200 மெகாபிட் என்று எண் சரியாகவே இருக்கும். யூனிட் சரி, திசை சரி, கணக்கு சரி. ஆனால் வேகம் மட்டும் தவழும்.

இதைக் கண்டுபிடிப்பது ஏன் கஷ்டம் என்றால், சோதனைக்கு முதலில் செய்வது ‘பிங்’. பிங் பாக்கெட் சின்னது. சப்வேக்குள் சைக்கிள் மாதிரி நுழைந்து போய்விடும். சின்ன பேஜ் திறக்கும். பெரிய ஃபைல் மட்டும் நகராது. “என் சிஸ்டத்துல நல்லாத்தானே வருது” என்று ஒருவர் சொல்ல, “எனக்கு வரலையே” என்று இன்னொருவர் சொல்ல, இரண்டு பேருமே உண்மைதான் சொல்லியிருப்பார்கள்.

லிப்விர்ட் நிரலில் இன்று அந்தக் கவுன்டரை அமைக்கும் இடத்தில் பாக்கெட் அளவு 64 கிலோபைட் என்று வெளிப்படையாக எழுதியிருக்கிறது. ஒரே வரியில் இரண்டு சொல்தான். அந்த இரண்டு சொல் இல்லாவிட்டால் மற்ற கணக்கெல்லாம் வீண்.

‘சரி பண்ணியாச்சு’ என்றால் சரியாகிவிட்டதா?

டிரைவரில் தவறைக் கண்டுபிடித்துத் திருத்திவிட்டார்கள் என்றே வைப்போம். உடனே எல்லா மெஷினும் சரியாகிவிடுமா? ஆகாது. வரம்பு வைக்கப்படுவது மெஷின் முதலில் கிளம்பும்போது. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் மெஷினில் பழைய வால்வுதான் இருக்கும். அதை மாற்ற அந்த மெஷினை முழுசாக நிறுத்தி மறுபடி ஆரம்பிக்க வேண்டும். உள்ளே போய் ‘ரீஸ்டார்ட்’ கொடுத்தால் போதாது. பெரிய கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை அந்த மெஷின் நிற்கவே இல்லை.

ஓடும்போதே மாற்றவும் ஒரு கட்டளை இருக்கிறது. அதில் ‘இப்போதைக்கு’ என்று ஒரு வகை, ‘இனிமேலுக்கு’ என்று ஒரு வகை. முதலாவதை மட்டும் கொடுத்தால் இன்று சரியாகும். அடுத்த முறை மெஷினை நிறுத்திக் கிளப்பினால் பழைய எண் திரும்பி வரும். இரண்டாவதை மட்டும் கொடுத்தால் இன்று ஒன்றும் மாறாது. இரண்டையும் கொடுக்க வேண்டும். போன மாசமே ஃபிக்ஸ் பண்ணிட்டோமே என்று நிர்வாகி சத்தியம் செய்வார், வாடிக்கையாளருக்கு வேகம் வராது. இருவரும் சண்டை போடுவதற்கு இதைவிட நல்ல காரணம் வேண்டாம்.

இன்னொரு சங்கடமும் உண்டு. இதுவரை 8 மடங்கு கூடக் கிடைத்துக்கொண்டிருந்தவர்களுக்கு, திருத்தம் வந்த அன்று வேகம் திடீரென்று குறையும். அவர்கள் வாங்கியது அவ்வளவுதான், ஒப்பந்தத்தில் இருப்பதும் அவ்வளவுதான். ஆனாலும் அவர்கள் தங்கள் கடையை, ஆப்பை அந்தக் கூடுதல் வேகத்தை நம்பியே கட்டியிருப்பார்கள். அப்டேட் பண்ணாங்க, ஸ்லோ ஆயிடுச்சு என்பதுதான் அவர்கள் பக்கத்து நியாயம். எங்கள் பார்வையில், முன்கூட்டியே சொல்லாமல் செய்யும் இந்த வகைத் திருத்தம், திருத்தமே ஆனாலும் பாதி வேலைதான்.

அமேசான் என்ன செய்தது?

பெரிய நிறுவனங்களிலும் வரம்பு உண்டு. அமேசானின் கிளவுட் சேவையான ஏ.டபிள்யூ.எஸ்.-ல் பல மெஷின்களின் நெட் வேகம் “10 கிகாபிட் வரை” என்று போட்டிருப்பார்கள். துணிக்கடை ஆடித் தள்ளுபடி போர்டில் 50 சதவீதம் பெரிசாகவும் ‘வரை’ சின்னதாகவும் இருக்குமே, அந்த ‘வரை’தான் இதுவும். உதாரணத்துக்கு எம்5 லார்ஜ் என்ற வகையில் 10 கிகாபிட் என்பது பர்ஸ்ட் வேகம். நிலையான வேகம் 0.75 கிகாபிட். சும்மா இருக்கும்போது சேர்ந்த கிரெடிட் தீரும் வரைதான் உச்ச வேகம். வழக்கமாக 5 முதல் 60 நிமிடம். மெஷின் புதிதாகக் கிளம்பும்போது கிரெடிட் முழுசாக இருக்கும்.

ஆக, புது மெஷின் வாங்கினதும் ஸ்பீடு டெஸ்ட் எடுத்து, “ஆஹா, 10 கிகாபிட்!” என்று சந்தோஷப்பட்டால், பார்த்தது சேமிப்பைத்தான். வருமானத்தை இல்லை.

வேகம் தவிர வேறு வரம்புகளும் இருக்கின்றன. விநாடிக்கு எத்தனை பாக்கெட், ஒரே நேரத்தில் எத்தனை இணைப்பு என்று. வெப்சைட் பெயரை முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ் சேவைக்கு ஒரு நெட்வொர்க் கார்டிலிருந்து விநாடிக்கு 1,024 பாக்கெட்தான். இதில் எது தீர்ந்தாலும் வெளியே தெரிவது ஒன்றுதான்: “சைட் ஸ்லோ”.

இங்கே ஏ.டபிள்யூ.எஸ். செய்த ஒரு வேலை பாராட்டத்தக்கது. மெஷினுக்குள் இருக்கும் இஎன்ஏ என்ற நெட்வொர்க் டிரைவரிலேயே ஐந்து மீட்டர்களை வைத்தார்கள். உள்ளே வரும் வேகத்தின் வரம்பு, வெளியே போகும் வேகத்தின் வரம்பு, பாக்கெட் எண்ணிக்கை, இணைப்பு எண்ணிக்கை, டிஎன்எஸ் போன்ற உள்சேவைகள். இவற்றில் எந்த வரம்பில் எத்தனை பாக்கெட் மாட்டியது என்று எண்ணிக் காட்டும். லினக்ஸில் ‘ஈத்டூல்’ என்ற கட்டளையைக் கொடுத்தால் போதும், வாடகைக்கு இருப்பவரே பார்த்துக்கொள்ளலாம். அந்த எண் ஏறிக்கொண்டே போனால் குற்றவாளி வெப்சைட் கோடு இல்லை, வால்வு.

அதுவரை வால்வு ஓனர் கையில், மீட்டரும் ஓனர் கையில். இப்போது மீட்டர் மட்டுமாவது போர்ஷனுக்குள் வந்திருக்கிறது.

மைக்ரோசாஃப்டின் அஸூர் திசை விஷயத்தை வேறு மாதிரி தீர்த்திருக்கிறது. மெஷினிலிருந்து வெளியே போவதற்கு மட்டுமே வரம்பு. உள்ளே வருவதை நேரடியாகக் கட்டுப்படுத்துவதில்லை என்று அவர்களின் ஆவணமே சொல்கிறது.

சர்வர் வாடகைக்கு எடுத்திருக்கிறீர்களா? இதைக் கேளுங்கள்

சொந்தமாக ஆன்லைன் கடை, டியூஷன் ஆப், சின்ன செய்தித்தளம் நடத்துபவர்கள் இதைப் படித்துக்கொண்டிருந்தால், சர்வர் கொடுத்தவரிடம் கேட்க வேண்டியது சில உண்டு. வேகம் மெகாபிட்டிலா, மெகாபைட்டிலா என்று எழுத்தில் வாங்குங்கள்; ‘எம்.பி.பி.எஸ்.’ என்று மட்டும் எழுதிக்கொடுத்தால் ஒப்புக்கொள்ளாதீர்கள். ‘வரை’ என்று இருந்தால் நிலையான வேகம் எவ்வளவு என்று கேளுங்கள். வெளியே போகும் பக்கத்து வரம்பைத் தனியாகக் கேளுங்கள். வரம்பு மீறும்போது அது உங்கள் கண்ணுக்குத் தெரியுமா, தெரியாதா என்பதையும் கேட்டுவிடுங்கள். பதில் சொல்லத் திணறினால் அதுவும் ஒரு பதில்தான்.

சோதித்துப் பார்ப்பதானால் ‘ஐபெர்ஃப்’ என்ற இலவசக் கருவி இருக்கிறது. பத்து விநாடி ஓட்டினால் பர்ஸ்ட்தான் தெரியும். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓட்டுங்கள். இரண்டு திசையிலும் ஓட்டுங்கள். பிங் மட்டும் அடித்துவிட்டு முடிவுக்கு வராமல் பெரிய ஃபைல் ஒன்றையும் அனுப்பிப் பாருங்கள். ஆனால் ஒன்று: பல கிளவுட்களில் வெளியே போகும் டேட்டாவுக்குத் தனியாக பில் வரும். 200 மெகாபிட் வேகத்தில் ஒரு மணி நேரம் ஓட்டினால் 90 கிகாபைட். கட்டணத்தைப் பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள்.